மானியம் ஆலைக்கு, நட்டம் காட்டுக்கு

ஒன்றிய அரசின் உணவு மற்றும் பொது விநியோகத் துறை, பெட்ரோலிய அமைச்சகம், வேளாண்மை அமைச்சகம் ஆகியவற்றின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

மக்காச்சோளத்துக்கு 2025-26 பருவத்தில் நீங்கள் அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். பெரம்பலூர் மாவட்டத்தில் என் மானாவாரிக் காட்டில் விளைந்த மக்காச்சோளத்தை வியாபாரி எடுத்தது 1,850 ரூபாய்க்கு. ஈரம் இருக்கிறது என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு வேறு. அதே சோளம் ஆலைக்குள் போய், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலாகி வந்தால் லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. 2024 ஜனவரியில் இந்த விலைக்கு வழி செய்தது அரசுதான். ஒதுக்கீடு கொடுத்த அளவை அரசின் எண்ணெய் நிறுவனங்கள் அந்த விலைக்கே வாங்கிக்கொள்கின்றன. ஆலைக்காரரிடம் யாரும் ஈரம் பார்த்து விலையைக் குறைப்பதில்லை.

விலை உறுதி, வாங்க ஆள் உறுதி, கடனுக்கு வட்டி மானியம், குறைந்த ஜிஎஸ்டி. இவ்வளவும் ஆலைக்கு. விதைத்தவனுக்கு இதில் எது வந்து சேர்ந்தது என்று கேட்டால், 'அன்னதாதா இப்போது ஊர்ஜாதாதா ஆகிவிட்டார்', அதாவது சோறு போடுபவர் எரிசக்தி தருபவராகிவிட்டார் என்று மேடையில் பதில் வருகிறது. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மூட்டை யூரியா வாங்க முடியாது. எரிபொருள் எடுப்பதற்கான எரிசக்திப் பயிர்களை விளைவிக்கும் விவசாயிகளுக்கு அரசு அள்ளிக் கொடுக்கிறது என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் நிற்கும் பைக் ஓட்டுபவர்கூட 'உங்களுக்காகத்தானே எங்கள் மைலேஜ் குறைகிறது' என்கிறார். அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் மானியம் எங்கே போகிறது என்று பார்ப்போம். 2018 ஜூலையில் எத்தனால் ஆலைகளுக்கான வட்டி மானியத் திட்டம் வந்தது. ஆலை கட்டவோ விரிவாக்கவோ வாங்கும் வங்கிக் கடனில், ஆண்டுக்கு 6 சதவீதம் அல்லது வங்கி போடும் வட்டியில் பாதி, இரண்டில் எது குறைவோ அதை ஐந்து ஆண்டுகளுக்கு அரசு ஏற்கிறது. அதில் ஓராண்டு தவணை விடுப்பும் சேர்த்தி. 2021 ஜனவரியில் இதைத் தானிய ஆலைகளுக்கும் நீட்டித்தீர்கள். 2025 மார்ச்சில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் மக்காச்சோளத்தையும் சேதமடைந்த தானியத்தையும் எத்தனாலாக்கும்படி மாறிக்கொள்ள இன்னொரு திட்டம். கலப்புக்கான எத்தனாலுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது 2018இல். வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளுக்குத் தனியாக 1,969.50 கோடி ரூபாயில் பிரதமர் ஜி-வன் திட்டம். தமிழ்நாடு அரசும் 2023இல் தன் பங்குக்கு எத்தனால் கலப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதன் பேச்சும் முதலீட்டைக் கொண்டுவருவது பற்றித்தான்.

எங்களுக்கும் பயிர்க்கடனில் வட்டிச் சலுகை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது நெல் வைத்தாலும் உண்டு, பருத்தி போட்டாலும் உண்டு. எரிபொருளுக்காக விளைவி என்று சொல்லும் அரசு, அதற்காகவே விளைவிப்பவனுக்கு என்ன தருகிறது என்பதுதான் என் கேள்வி.

'விவசாயிகளுக்கு 2024-25 எத்தனால் ஆண்டில் (நவம்பர் முதல் அக்டோபர் வரை) மட்டும் சுமார் 40,000 கோடி ரூபாய் போய்ச் சேரும்' என்று உங்கள் அறிக்கைகள் சொல்கின்றன. படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. அது கரும்புக்கும் தானியத்துக்கும் கொடுக்கும் விலை. சோளத்தை வாங்கினால் விலை கொடுத்துத்தானே ஆக வேண்டும்? கோழித்தீவனக்காரரும் கொடுக்கிறார், ஸ்டார்ச் ஆலைக்காரரும் கொடுக்கிறார். அவர்கள் யாரும் அதை உதவி என்று அறிக்கை விடுவதில்லை.

இப்போது ஒரு குவிண்டால் சோளத்தின் கணக்கைப் பாருங்கள். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் அளவு. அப்படியென்றால் குவிண்டாலுக்கு 38 லிட்டர். 71.86 ரூபாயால் பெருக்கினால் 2,730 ரூபாய். அது போக முப்பது கிலோ அளவுக்குப் புரதச் சக்கை மிஞ்சும், மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாக விற்கலாம். ஆலை எனக்கு 2,400 கொடுத்து வாங்கியிருந்தால் எத்தனால் வருமானத்தில் அவர்களிடம் மிஞ்சுவது 330 ரூபாயும் சக்கையும். அதில் ஆலையை ஓட்டுவது சிரமம் என்று அவர்கள் சொன்னால் எனக்குப் புரிகிறது. ஆனால் சந்தையில் விலை 1,850க்கு விழும்போது அந்த 330 எண்ணூற்றைம்பதைத் தாண்டிவிடுகிறது. நடுவில் தரகரும் லாரிக்காரரும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள், சரி. மிச்சம் யாருக்கு? எத்தனால் விலையை உயர்த்தி வைத்தபோது, அந்த உயர்வு சோளம் விளைவிப்பவனுக்குப் போக வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்று சொன்னீர்கள். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு விதியைக் கூடச் சேர்க்கவில்லை.

உங்கள் வேளாண் செலவு – விலை ஆணையத்தின் கணக்குப்படியே ஒரு குவிண்டால் மக்காச்சோளம் விளைவிக்க 1,508 ரூபாய் ஆகிறது. கையிலிருந்து போட்ட செலவும் குடும்பத்து உழைப்பின் கூலியும் அதில் உண்டு, நிலத்துக்கான வாடகை இல்லை. குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கு 1,850 என்பது கிட்டத்தட்ட சும்மா உழைத்த கணக்குத்தான். 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்ற பிறகு மருந்துச் செலவு ஒரு தனிப் பட்டியலாகவே ஆகிவிட்டது. அதற்கு முன் எங்கள் பக்கம் சோளத்துக்கு மருந்தடித்த பழக்கமே கிடையாது. விதைத்து, உரம் வைத்து, மழையை நம்பிக் கிடந்து, தை மாதம் கதிரடிக்கும் மிஷின் வந்தால் சரி. இப்போது முளைத்த இருபதாம் நாளிலேயே கையில் டப்பாவோடு நிற்க வேண்டும்.

2024இல் ஒரு திட்டம் அறிவித்தீர்கள். மத்தியக் கூட்டுறவு முகமைகள் விவசாயிகளிடமிருந்து ஆதரவு விலைக்கு மக்காச்சோளம் வாங்கி எத்தனால் ஆலைகளுக்குக் கொடுக்கும், இணையத்தில் பதிவு செய்தால் போதும் என்று. நல்ல யோசனை. நான் கேட்க நினைத்த அதே விஷயம். ஆனால் எங்கள் வட்டாரத்தில் எந்தக் கிராமத்திலும் அப்படி ஒரு கொள்முதல் மையத்தை நான் பார்க்கவில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் போய்க் கேட்டால், 'சுற்றறிக்கை எதுவும் வரவில்லை, மறைமுக ஏலத்துக்கு வேண்டுமானால் கொண்டு வாங்க' என்றார்கள். ஏலத்துக்கு வந்த வியாபாரிகளும் காட்டுக்கு வருகிற அதே வியாபாரிகள்தான்.

அப்புறம் அரிசி விவகாரம். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கில் இருக்கும் அரிசியை 2025இல் எத்தனால் ஆலைகளுக்குக் குவிண்டால் 2,250 ரூபாய்க்குக் கொடுக்க முடிவு செய்தீர்கள். ஒதுக்கிய அளவு 52 லட்சம் டன். அந்த அரிசியைக் கொள்முதல் செய்து, அரைத்து, ஏற்றி இறக்கி, சேமித்து வைக்க அரசுக்கு ஆகும் செலவு குவிண்டாலுக்குச் சுமார் 4,000 ரூபாய். வித்தியாசத்தை உணவு மானியக் கணக்கு தாங்கிக்கொள்கிறது. கிடங்கு நிரம்பி வழிகிறது, வைத்திருந்தால் கெட்டுப்போகும், அதனால் கொடுக்கிறோம் என்பீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கம் 'மக்காச்சோளம் போடு, எத்தனாலுக்கு வாங்கிக்கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டு, அந்தச் சோளம் களத்துக்கு வரும் சமயத்தில் பாதி விலை அரிசியை அதே ஆலையின் வாசலில் கொண்டுபோய்க் கொட்டினால் சோளத்தின் விலை என்ன ஆகும்? சோளத்தின் ஆதரவு விலை 2,400, அரிசிக்கு அப்போது வைத்த விலை 2,250. குவிண்டாலுக்கு எத்தனாலும் அரிசியில்தான் அதிகம் வரும். அரிசி எத்தனாலுக்கு லிட்டர் விலை கொஞ்சம் குறைவு என்பது உண்மை. என்றாலும் வியாபாரி எங்களிடம் பேரம் பேச அந்த 2,250 என்ற எண்ணே போதுமானது. 'ஆலையில் அரிசி இறங்குது, சோளம் கேட்க ஆளில்லை' என்ற ஒரே வாக்கியத்தில் விலை இறங்கிவிடுகிறது.

எங்கள் ஊர் வியாபாரியின் பேச்சு மட்டும் இல்லை. 2025 நவம்பரில் கர்நாடகத்தில் மக்காச்சோள விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அங்கே விலை 1,600க்கும் 1,800க்கும் இடையில் ஆடியது. அம்மாநில முதல்வர் சித்தராமையா பிரதமருக்கே கடிதம் எழுதினார். கர்நாடகத்துச் சோளம் விலை இல்லாமல் கிடந்தால் அது லாரி ஏறி நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு வரும். எங்கள் அறுவடைக்கு முன்னாலேயே எங்கள் சந்தை நிரம்பிவிடும். அந்தப் பருவத்தில் நடந்தது அதுதான்.

விலை ஏறினால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2024இல் எத்தனால் தேவையால் மக்காச்சோளம் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. எங்கள் பக்கத்திலும் குவிண்டால் 2,500ஐத் தாண்டியது. பல வருடங்களுக்குப் பிறகு கடனை அடைத்துவிட்டு ஒரு மாடு வாங்கியவர்கள் உண்டு. உடனே தீவனக்காரர்கள் முறையிட்டார்கள். ஜூன் மாதம் சுமார் 5 லட்சம் டன் மக்காச்சோளத்தை 15 சதவீதச் சலுகைத் தீர்வையில் இறக்குமதி செய்ய அனுமதி வந்தது. மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் சோளம் வந்து இறங்கியது. கோழிப்பண்ணைக்காரர்களின் கஷ்டமும் கஷ்டம்தான், முட்டை விலை ஏறினால் ஏழைக் குழந்தைக்குத்தான் இழப்பு. நான் கேட்பது ஒன்றுதான்: விலை ஏறியபோது அவர்களுக்காகச் சில வாரங்களில் முடிவெடுக்க முடிந்த உங்களால், விலை விழுந்தபோது எங்களுக்காக ஏன் ஒரு பருவம் முழுக்க முடிவெடுக்க முடியவில்லை?

முடிவுகள் மாறும் வேகத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2023 ஜூலையில் உணவுக் கழக அரிசியை ஆலைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினீர்கள். அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கூடாது என்றீர்கள். ஒரு வாரத்தில் அதைத் தளர்த்தி 17 லட்சம் டன் சர்க்கரை அளவுக்கு அனுமதித்தீர்கள். 2024 ஆகஸ்டில் தடையை எடுத்துவிட்டு, அரிசியையும் மறுபடி திறந்துவிட்டீர்கள். பஞ்சமும் வெள்ளமும் வரும்போது அரசு கொள்கையை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கும் பயிர். அதற்குப் பிறகு, வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி துளிர்க்கும் கட்டைக் கரும்பு. நட்டவன் டிசம்பரில் மனம் மாறி அதைப் பிடுங்கிவிட்டு உளுந்து போட முடியாது. ஆலைகளுக்கு ஏற்பட்ட நட்டத்தைப் பற்றி அப்போது எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அந்த நட்டத்தை ஆலைகள் யார் தலையில் இறக்கி வைத்தன என்பதை யாரும் எழுதவில்லை.

கரும்பைப் பற்றி நான் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. என் தங்கையைக் கொடுத்தது விழுப்புரம் பக்கம், கரும்புக் குடும்பம். 2025-26க்கு ஆலைகள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலையாக நீங்கள் அறிவித்த நியாயமான ஆதாய விலை டன்னுக்கு 3,550 ரூபாய். அது 10.25 சதவீத ரெக்கவரிக்கு, அதாவது கரும்பின் எடையில் அவ்வளவு சர்க்கரை கிடைத்தால். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஆலைகள் காட்டும் ரெக்கவரி 9.5க்குக் கீழே, ஆகவே அங்கே கரும்பு கொடுப்பவருக்குக் கிடைப்பது 3,290 ரூபாய் 50 காசு. இதில் வெட்டுக்கூலி மட்டும் ஆயிரத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாடு அரசு 2024-25 அரவைப் பருவத்துக்கு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்தது, அது உதவியாக இருந்தது. மற்றபடி தங்கை வீட்டுக்காரர் பதிவு செய்திருக்கும் தனியார் ஆலையில், வெட்டிய கரும்புக்குப் பணம் வர அடுத்த கரும்பு முழங்கால் உயரம் வந்துவிடுகிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி. அந்த வட்டியைக் கேட்டுப் போனால் 'அடுத்த வருடம் வெட்டு உத்தரவு வேண்டுமா, வேண்டாமா' என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள்.

எத்தனால் விற்றால் ஆலையிடம் பணம் சீக்கிரம் புரளும், கரும்புக்காரனின் பாக்கி தீரும் என்பதுதான் இந்தத் திட்டம் முழுவதற்கும் நீங்கள் சொன்ன நியாயம். பல மாநிலங்களில் பாக்கி குறைந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலையில் பங்கு? ஆலையின் உபரி வருமானத்தில் கரும்புக்காரனுக்குப் பாதி என்று அந்த 1966 ஆணையின் 5-ஏ பிரிவில் இருந்தது. 2009இல் அதை எடுத்துவிட்டார்கள். 2012இல் சர்க்கரைத் துறையை ஆராய்ந்த ரங்கராஜன் குழு, சர்க்கரையும் துணைப்பொருளும் சேர்ந்த வருமானத்தில் 70 சதவீதம் விவசாயிக்கு என்றது. தமிழ்நாடு அதைக் காட்டித்தான் 2018இல் வருவாய்ப் பங்கீட்டுச் சட்டம் கொண்டுவந்து, மாநில அரசு பரிந்துரைக்கும் விலையைக் கைவிட்டது. ஆலை எத்தனாலில் எவ்வளவு ஈட்டியது, அதில் இந்த டன்னுக்கு எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டு இதுவரை தங்கை வீட்டுக்கு வந்ததில்லை. கரும்பு எடை போட்ட ரசீதில் லாரி எண் வரை இருக்கிறது, இது மட்டும் இல்லை.

எரிசக்திப் பயிர் என்று அரசு சொல்லி நாங்கள் நம்பியது இது முதல் தடவையும் இல்லை. 2003இல் திட்டக்குழுவின் உயிரி எரிபொருள் குழு, 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் காட்டாமணக்கு எண்ணெய் கலக்கலாம் என்றது. அதற்காக நாடு முழுக்க ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நடலாம் என்று கணக்குப் போட்டது. தமிழ்நாட்டிலும் நாற்று மானியம், கூட்டுறவுக் கடன், கம்பெனிகளோடு ஒப்பந்தம் என்று பரபரப்பாக இருந்தது. தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது, பூச்சி வராது, மூன்றாம் வருடத்திலிருந்து காசு என்றார்கள். என் அப்பா கடலை போட்டுக்கொண்டிருந்த செம்மண் காட்டில் காட்டாமணக்கு நட்டார். தண்ணீர் இல்லாமல் செடி சாகவில்லை, அது உண்மை. காய்க்கவும் இல்லை. காய்த்த கொஞ்சமும் ஒரே நேரத்தில் பழுக்காது, பறிக்கிற ஆளுக்குக் கொடுக்கும் கூலி விதையின் விலையைத் தாண்டியது. வாங்கிக்கொள்வதாகச் சொன்ன கம்பெனியின் ஆள் இரண்டாம் வருடம் போனை எடுக்கவில்லை. கடனைக் கட்ட ஆடுகளை விற்றோம். அந்தக் காட்டைத் திருத்தி மறுபடி கடலை போட ஜேசிபி வைக்க வேண்டியிருந்தது. அதற்கு மானியம் இல்லை. கொள்கை 2009இல் இலக்கை 2017க்குத் தள்ளியது. 2018இல் புதுக் கொள்கை வந்தது. பழைய கணக்கை யாரும் மூடவில்லை. எத்தனை ஹெக்டேர் நட்டார்கள், எத்தனை நின்றது, மானியம் எந்தெந்த நாற்றங்காலுக்கும் கம்பெனிக்கும் போனது என்று ஒரு அறிக்கை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததே இல்லை.

இப்படித்தான் எல்லா நாட்டிலும் நடக்கிறது என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் 2009 வரை எரிசக்திப் பயிர் வைத்த நிலத்துக்கு ஹெக்டேருக்கு 45 யூரோ நேராக விவசாயிக்கே கொடுத்தது. இங்கிலாந்து, மிஸ்காந்தஸ் புல்லும் வில்லோ மரமும் நட்டவருக்கு நடவுச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 2008 வேளாண் சட்டத்தின் கீழ் வந்த திட்டமும் நடவுச் செலவில் பெரும் பங்கைத் தாங்கியது. எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கத் திட்டத்தின் தொடக்கத்தில் பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மர ஆலைகளின் பக்கம் போய்விட்டது, பிறகு விதியை இறுக்கினார்கள். நான் சொல்ல வந்தது, நிலத்துக்குக் கொடுக்கும் மானியம் என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதுதான். நீங்கள் அதை முயன்று பார்த்துத் தோற்கவில்லை, முயலவே இல்லை.

தண்ணீரைப் பற்றி நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. கரும்புச் சர்க்கரை வழியாக ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது. எங்கள் மக்காச்சோளத்துக்கு போர்வெல் இல்லை, இலவச மின்சாரமும் இல்லை. புரட்டாசி மழையில் விதைத்து ஈரத்திலேயே விளைகிறது. எந்தப் பயிரிலிருந்து எரிபொருள் எடுத்தால் நிலத்தடி நீர் மிஞ்சும் என்று உங்கள் அறிக்கைக்கே தெரிந்திருக்கும்போது, அந்தப் பயிரை விளைவிக்கும் மானாவாரிக்காரனுக்கு எதுவுமே இல்லாமல் வைத்திருப்பது எனக்குப் புரியவில்லை.

ஆகவே கேட்கிறேன்.

மக்காச்சோள எத்தனாலுக்கு நீங்கள் கொடுக்கும் 71.86 ரூபாயை, ஆலை ஆதரவு விலைக்குக் குறையாமல் சோளம் வாங்கியதற்கான ரசீதோடு கட்டிவிடுங்கள். விவசாயியின் வங்கிக் கணக்கில் பணம் விழுந்த சான்று இல்லையென்றால் அந்தச் சரக்குக்கு அந்த விலை கிடையாது என்று விதி செய்யுங்கள். தரகர் வழியாக வாங்கினாலும் முதலில் விற்றவனின் பெயரும் விலையும் ரசீதில் இருக்க வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா அடங்கல் கேட்டுப் பதிய முடிகிற அரசுக்கு இது பெரிய வேலை இல்லை.

கர்நாடகத்திலும் இங்கேயும் சோளம் அறுவடையாகும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, உணவுக் கழக அரிசியை எத்தனாலுக்கு விடுவதை நிறுத்துங்கள். கிடங்கைக் காலி செய்தே ஆக வேண்டும் என்றால் மார்ச்சுக்குப் பிறகு விடுங்கள், சோளத்தின் ஆதரவு விலைக்குக் கீழே போகாமல் விடுங்கள்.

பெரம்பலூர், அரியலூர், தூத்துக்குடி, விருதுநகர் போன்ற மானாவாரிச் சோள மாவட்டங்களில் வரும் அறுவடைக்காவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் எத்தனாலுக்கான கொள்முதல் மையங்களைத் திறங்கள். தமிழ்நாடு அரசு இடமும் எடைமேடையும் ஆட்களும் கொடுக்க வேண்டும். இந்த ஒன்றில் இரண்டு அரசுகளும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தால் எங்கள் மூட்டை வெயிலில் கிடக்கும்.

கரும்புப் பாக்கியும் அதற்கான 15 சதவீத வட்டியும் நிலுவையில் உள்ள ஆலைக்கு, வட்டி மானியத்தின் அடுத்த தவணையை விடுவிக்காதீர்கள். எண்ணெய் நிறுவனங்கள் அந்த ஆலைக்குக் கொடுக்கும் எத்தனால் பணத்தில் பாக்கி அளவைப் பிடித்து நேராக விவசாயி கணக்கில் போடுங்கள். எத்தனாலும் கரும்புச் சக்கையை எரித்து எடுக்கும் இணை மின்சாரமும் சேர்ந்த வருமானத்தைக் கரும்பு விலைக் கணக்கில் சேர்த்து, ஒவ்வொரு ஆலையும் பருவ முடிவில் அந்தக் கணக்கைப் பொதுவில் வைக்கும்படி ஆணையிடுங்கள்.

மானாவாரியில் எரிசக்திப் பயிர் வைப்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று நேரடி உதவி கொடுங்கள். ஆலைகளுக்கு ஆண்டுதோறும் போகும் வட்டி மானியத்தில் எத்தனை பங்கு இதற்குப் போதும் என்பதை உங்கள் அதிகாரிகளே கணக்கிட்டு வெளியிடட்டும். குத்தகைக்காரர்களை விட்டுவிடாதீர்கள், எங்கள் பக்கம் உழுபவர்களில் பலர் அவர்கள்தான்.

மூங்கில், தண்டில் இனிப்புச் சாறுள்ள சோளம், வேறு எந்தப் புதுப் பயிரையும் எங்களுக்குப் பரிந்துரைக்கும் முன் காட்டாமணக்குத் திட்டத்தின் கணக்கை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள்.

கடைசியாக, அடுத்த எத்தனால் ஆண்டுக்கு எந்தத் தானியம், எவ்வளவு, என்ன விலை, இறக்குமதி உண்டா இல்லையா என்பதை ஜூலை முடிவதற்குள் அறிவித்து, அந்த ஆண்டு முடியும் வரை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், விதைத்துவிட்டவனுக்கு ஏற்படும் விலை வித்தியாசத்தை ஈடு செய்யுங்கள். புரட்டாசியில் விதை வாங்கப் போகும்போது இவற்றுக்கான பதில் எங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெரம்பலூர் மாவட்டத்து மானாவாரி விவசாயி ஒருவர்